முக்கோணத்துக்குப் பின்னால்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை எங்கள் ஊர். சீனிவாசப் பெருமாள் மலைக்கோயில் இருக்கும் ஊர். அங்கே உரக்கடையில் வாங்கும் எந்தப் பூச்சிமருந்து டப்பாவிலும் வண்ண முக்கோணம் ஒன்று இருக்கும். நிறத்துக்கு ஆதாரமான சோதனையைச் செய்வதுதான் என் தொழில்.

1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் நிறத்துக்குக் கணக்கு உண்டு. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் வாய்வழி அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு. பாதியைக் கொல்லும் அளவு என்ற கணக்கை 1927-ல் கொண்டுவந்தவர் டிரெவன் என்ற விஞ்ஞானி. ஒரு ரசாயனத்துக்கு எலிகளைக் கூட்டம் கூட்டமாகச் சாகவிட்ட பழைய முறையை ஓஈசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2002-ல் கைவிட்டது. நல்ல காரியம். இப்போது ஒரு படிக்கு மூன்று பெண் எலிகள். 300 மில்லிகிராமில் தொடங்கி இரண்டு இறந்தால் 50-க்கு இறங்குவோம். ஒன்று இறந்தாலோ, ஒன்றுமே இறக்காவிட்டாலோ அதே அளவில் இன்னும் மூன்று.

முந்தின இரவே தீனியை எடுத்துவிடுவோம்; தண்ணீர் இருக்கும். காலையில் எடை பார்த்து, நுனியில் குமிழ் வைத்த ஊசியால் மருந்தை நேரே இரைப்பைக்குள் விட வேண்டும். ஊசியை நாம் தள்ளக் கூடாது, எலி விழுங்க வேண்டும். கொஞ்சம் தடுத்தாலும் வெளியே எடுத்துவிட வேண்டும். மூச்சுக்குழாயில் மருந்து போய் எலி செத்தால் அது நஞ்சின் கணக்கில் சேராது, ஓர் உயிர் வீணாகப் போனதுதான் மிச்சம்.

அதன்பின் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. முதல் அரைமணி நேரம் கண்ணை எடுக்க முடியாது, நான்கு மணிநேரம் கவனம் தளரக் கூடாது, பிறகு 14 நாள் தினமும் பார்க்க வேண்டும். சில எலிகளுக்குக் கண்ணைச் சுற்றிச் சிவப்பாகக் கசியும். புதிதாக வரும் பிள்ளைகள் ரத்தம் என்று பதறுவார்கள். ரத்தமல்ல, கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியின் நிறமி. எலி துன்பப்படுகிறது என்பதற்கு அடையாளம்.

கரிம பாஸ்பரஸ் மருந்தென்றால் எச்சில் வழியும், தசை துடிக்கும், பாவை சுருங்கும். நரம்பில் கோலினெஸ்டரேஸ் நொதி முடங்குவதால் வருவது. மருந்தைக் குடித்துவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படுகிறவரிடம் டாக்டர் தேடுவதும் இவற்றைத்தான். எது, எத்தனை நிமிடத்தில், எந்த வரிசையில் என்று ஒழுங்காக எழுதிவைத்தால்தான் அந்த எலி பட்ட பாட்டுக்கு அர்த்தம் உண்டு. இத்தனை இறந்தன என்று மட்டும் எழுதும் அறிக்கையை நான் அரைகுறை என்றே சொல்வேன். பிழைக்காது என்று தெரிந்தபின் எலியைத் துடிக்கவிட்டு நாளை எண்ணவும் கூடாது. அப்போதே வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். முடிவில் அதுவும் மரணமாகவே கணக்கில் சேரும்.

ஊருக்குப் போனால் பெரியப்பா கேட்பார்: "பச்சைன்னா பயமில்லதானப்பா?"

வாய்வழியோ தோல்வழியோ ஒரே தடவை போனால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும்தான் அந்த நிறம். மாமரத்துக்கு வருஷக்கணக்காக மருந்து அடிக்கிறவர் உடம்பில் என்ன சேர்கிறது, கண்மாய் மீனுக்கும் தேனீக்கும் என்ன ஆகிறது என்பதற்கெல்லாம் வேறு சோதனைகள் உண்டு. அவற்றின் முடிவை முக்கோணம் சொல்லாது. அதனால் பச்சை டப்பாவானாலும் கையுறை போடுங்கள், காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள், அடித்த சட்டையோடு சாப்பிட உட்காராதீர்கள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.