சாம்பலுக்குப் பக்கத்து நிறம்

டிசம்பர் 4, ஊட்டி

புல்வெளியெல்லாம் உறைபனி. பெரியம்மாவின் பழைய ஸ்வெட்டர் முழங்கையில் நைந்துபோய்விட்டது. புதிதாக என்ன நிறத்தில் பின்னட்டும் என்று கேட்டேன். "எனக்கென்ன கண்ணு, சாம்பல்ல ஒண்ணு போடு போதும்" என்றார். பெரியப்பா போனதிலிருந்து இப்படித்தான். சாம்பல் உல்லன் நூலே வாங்கிவந்தேன்.

டிசம்பர் 9

முதுகுப் பக்கம் பாதி வந்திருக்கிறது. கடையில் வாங்குகிறவர் நிறத்தைப் பார்ப்பது சில நிமிடங்கள். பின்னுகிறவளுக்கோ வாரக்கணக்கில் அதே நிறம் மடியில் கிடக்கும். போன குளிர்காலத்தில் தம்பி மகனுக்குக் கறுப்பில் பின்னினேன். விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு நூலில் கண்ணி தெரியாது, விரலால் தடவித் தடவித்தான் எண்ணவேண்டும். ராத்திரி எழுந்திருக்கும்போது கண் எரியும், யார் பேசினாலும் கோபம் வரும். கறுப்பு மனசை அழுத்தும் என்கிறார்கள்; எனக்கு அது கண் வழியாகத்தான் வந்தது. சாம்பலில் ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரிகிறது. கை தானாக ஓடுகிறது, பேச்சும் நிதானமாகிறது.

டிசம்பர் 13

ஜெர்மனியில் மியூனிக் பக்கத்துப் பெண் ஒருவர் 2018 முழுக்க, வேலைக்கு ரயிலில் போய்வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சால்வையில் இரண்டு வரிசை பின்னினார். ரயில் தாமதம் ஐந்து நிமிடத்துக்குள் என்றால் சாம்பல், அரை மணி வரை என்றால் இளஞ்சிவப்பு. அதற்கும் மேலே போனாலோ, போகவர இரண்டு தடவையும் தாமதமானாலோ சிவப்பு. அந்தச் சால்வை 2019 ஜனவரியில் 7,550 யூரோவுக்கு ஏலம் போனது. பணம் தர்மத்துக்குப் போயிற்று. ஒரு வருஷத்து எரிச்சலை இவ்வளவு நேர்மையாக எந்த டைரியும் எழுதியிருக்காது.

டிசம்பர் 17

உடம்பும் கையும் முடிந்தன. கழுத்துப் பட்டிக்கு மனம் சாம்பலை ஏற்கவில்லை. மிச்சமிருந்த செங்கல் ஆரஞ்சில் மெல்லியதாக ஒரு கரை போட்டேன்.

பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்தவர் வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரேல். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. கூடவே நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதை 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். ஆரஞ்சின் பக்கத்தில் சாம்பல் லேசாக நீலம் பாய்ந்து தெரியும். என் மடியிலும் அதுதான் நடந்தது.

டிசம்பர் 21

பெரியம்மா போட்டுப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "சாம்பல்னு சொன்னேனே கண்ணு, இது நீலமால்ல இருக்கு?" என்றார். அதே நூல்தான் என்றேன், நம்பவில்லை. கழற்றித் தந்துவிடுவாரோ என்று பயந்தேன். சாயங்காலம் காய் வாங்கவும் அதோடுதான் போனார். திரும்பி வந்ததும் ஒரு குல்லா கேட்டார். செங்கல் நிறம் காதோரம் வரவேண்டுமாம். அந்த நூல் கொஞ்சம்தான் மிச்சம். நாளைக்குக் கடைக்குப் போகவேண்டும்.