விற்றால் பணம் யாருக்கு?

கே.புதூர், மதுரை
9.2.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவாய், அதனால்தான் எழுதுகிறேன். வேதாந்தா பங்கை இன்னும் கொஞ்சம் வாங்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். கம்பெனியைப் பிரிக்கப் போகிறார்களாம், பிரித்ததும் ஒவ்வொன்றாக விற்பார்களாம், கடன் தீர்ந்து பங்கு பறக்குமாம். எல்லாம் உன் தரகர் வாக்கு.

பிரிப்பது உண்மைதான். 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். இந்த மாதம் 18ஆம் தேதி பங்குதாரர்களும் கடன் கொடுத்தவர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் பிரிக்கும்போது கடனையும் சேர்த்துத்தான் பிரிப்பார்கள். அதற்குப் பிறகு விற்பார்கள் என்பது அவரவர் கணக்கு.

நீ இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறாய். கம்பெனி தன் ஆலையை விற்பது வேறு, முதலாளி தன் பங்கை விற்றுவிட்டுப் போவது வேறு. ஆலை விற்ற பணம் கம்பெனிக் கணக்குக்குப் போகும். அங்கே கடன்காரர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். ஒத்திக்கு விட்ட வீட்டை விற்றால் ஒத்திக்காரனுக்குக் கொடுத்தது போக மிச்சம்தானே வீட்டுக்காரனுக்கு? பாங்கு வேலையில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியே விற்றால் கதை வேறு. 25 சதவீதமோ அதற்கு மேலோ கைக்கு வரும்படி வாங்குகிறவர், மற்ற பங்குதாரர்களிடமும் இன்னொரு 26 சதவீதத்துக்கு விலை சொல்லியாக வேண்டும். செபி விதி அது. அப்போதுதான் உன்னைத் தேடி ஒரு விலை வரும்.

வேதாந்தா முதலாளி அனில் அகர்வால் அப்படி விற்றுவிட்டுப் போகிற ஆளா? 2020இல் என்ன செய்தார் பார். கொரோனாவில் பங்கு அடிமாட்டு விலைக்கு வந்த நேரத்தில், மொத்தத்தையும் தானே வாங்கிச் சந்தையிலிருந்து எடுத்துவிடப் பார்த்தார். அடிப்படை விலை 87 ரூபாய் 25 காசு. எல்.ஐ.சி. 320 ரூபாய் கேட்டது! கிட்டத்தட்ட 134 கோடி பங்கு சேர வேண்டிய இடத்தில் உறுதியானது 125 கோடிச் சொச்சம். முயற்சி படுத்துவிட்டது. அடுத்த வர்த்தக நாளில் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. நல்ல விலை வரும் என்று கடைசி நேரத்தில் ஏறினவர்கள்தான் மாட்டினார்கள்.

தூத்துக்குடியையும் மறந்துவிட்டாயா? வருஷத்துக்கு 4 லட்சம் டன் செம்பு எடுத்துக்கொண்டிருந்த வேதாந்தா ஆலை. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிர் போய், அதோடு மூடினது. 2022 ஜூனில் அதை வாங்க விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று விளம்பரம் கொடுத்தார்கள். அன்றைக்கே பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. (உலோகப் பங்குகள் எல்லாமே அடிவாங்கிய நாள் அது, முழுப் பழியையும் விளம்பரத்தின் மேல் போட முடியாது.) போன வருஷம் பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் திறக்க விடவில்லை. விற்கிறேன் என்று சொன்னால் போதுமா, வாங்கினவன் ஓட்டமுடியவும் வேண்டும்.

டிவிடெண்டு கொட்டுகிறதே என்பாய். கொட்டியது, 2022-23இல் பங்குக்கு 101 ரூபாய் 50 காசு. எனக்கும் வாய் ஊறியது. ஆனால் அதில் பெரும்பங்கு மேலே லண்டன் தாய்க் கம்பெனிக்குப் போனது. அதன் கடனை அடைக்கத்தான் இந்தத் தாராளம். அதே வருஷம் இங்குள்ள கம்பெனியின் நிகரக் கடன் சுமார் 21,000 கோடியிலிருந்து 45,000 கோடிக்கு ஏறியது.

நம்ம மேலூர்ப் பக்கம் நடந்ததை நீயும் டி.வி.யில் பார்த்திருப்பாய். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எடுத்த இந்துஸ்தான் சிங்க், வேதாந்தாவின் கம்பெனிதான். ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஜனங்கள் நடந்தே வந்தார்கள். வெயிலில் முக்காடு போட்ட பொம்பளைகள், தோளில் பிள்ளையோடு ஆம்பளைகள். அரிட்டாபட்டி மலையில் சமணர் படுகையும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் இருக்கிறது, கீழே வயலும் கண்மாயும். 23ஆம் தேதி ஒன்றிய அரசே ஏலத்தை ரத்து செய்தது. உன் தரகர் கணக்கில் மலை, ஜனம் எல்லாம் எந்த வரியில் வருகிறது என்று தெரியவில்லை. என்னைக் கேட்டால், அந்த ஊர்க்காரர்களோடு பொண்ணு கொடுத்து எடுத்த நாம் இந்தப் பங்கை வைத்திருப்பதே எனக்கு உறுத்துகிறது. அது என் பாடு, உன்னை வற்புறுத்தமாட்டேன்.

கையில் இருப்பதை வைத்துக்கொள்வதென்றால் வைத்துக்கொள். நகைக்கடன் எடுத்து மேற்கொண்டு வாங்காதே. எதை விற்கிறார்கள், பணம் எந்தக் கம்பெனிக்கு வரும், அந்தக் கம்பெனி தலையில் எவ்வளவு கடன், இதை மட்டும் தரகரிடம் கேட்டு எழுது. பதில் வந்தால் மேற்கொண்டு பேசுவோம். உன் அம்மாவிடம் நகை விஷயத்தை நான் வாய் திறக்கவில்லை.

அன்புடன்,
மாமா