ஒன்றுபட்ட நாடும் உடன்வாழும் நாமும்

ஒரு மொழி பேசும் மக்கள் பல ஆட்சிகளின் கீழ்ச் சிதறிக் கிடப்பதும், பின்னர்த் தம்மை உணர்ந்து ஒன்றுபடுவதும் உலக வரலாறு பன்முறை கண்ட காட்சியாகும். இத்தாலியை ஒன்றாக்கும் வேட்கையுடன் 1831இல் மாஜினி ‘இளைய இத்தாலி’ இயக்கத்தைத் தொடங்கினார். 1861இல் இத்தாலிய அரசு எழுந்தது. 1870இல் உரோம் நகரும் அதனோடு இணைந்தது. பிஸ்மார்க்கின் முயற்சியால் 1871இல் செருமானிய அரசுகள் ஒரே பேரரசாயின. மாஜினியின் சூளுரையைப் பாரதியார் தமிழில் பாடியிருத்தலால், அவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

அத்தகைய வரலாறொன்று நாம் வாழும் இம்மண்ணிலேயே நிகழ்ந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கன்னட மக்கள் மைசூர் அரசு, பம்பாய் மாகாணம், சென்னை மாகாணம், ஐதராபாத் நிசாம் ஆட்சி, குடகு எனப் பிரிந்து கிடந்தனர். பம்பாய் மாகாணத்தில் மராத்தியும் நிசாம் நாட்டில் உருதும் மேலோங்கி நிற்க, கன்னடம் தன் சொந்த மண்ணிலேயே ஒதுங்கி நின்றது. அந்நிலையை மாற்ற 1890இல் தார்வாரில் கர்நாடக வித்யாவர்த்தக சங்கம் தோன்றியது. 1915இல் பெங்களூரில் சாகித்திய பரிஷத்து எழுந்தது. ஆலூரு வெங்கடராவ் 1917இல் வெளியிட்ட நூல், கன்னடர்க்கு அவர்தம் பழம்பெருமையை நினைவூட்டியது. 1924இல் காந்தியடிகள் தலைமையில் பெல்காமில் காங்கிரசு கூடியபோது, அங்கேயே கர்நாடக ஒருங்கிணைப்பு மாநாடும் நடைபெற்றது. இறுதியில் 1956 நவம்பர் 1ஆம் நாள் ஒன்றுபட்ட மைசூர் மாநிலம் பிறந்தது. 1973இல் அது கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. இத்தாலியும் செருமனியும் போர்க்களத்தில் இணைந்தன; கன்னட நாட்டை இணைத்தவை சங்கங்களும் நூல்களும் மாநாடுகளுமே அன்றோ!

அதே நாளில்தான் நேசமணி முதலியோரின் போராட்டம் கனிந்து, கன்னியாகுமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்தது; கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் மைசூரைச் சேர்ந்தது. எனவே கன்னடரின் மகிழ்ச்சியை நம்மினும் நன்குணர வல்லார் யார்?

நம் நகரமும் ஒரு காலத்தில் இரண்டாகவே இருந்தது. நம் முன்னோர் படைவீரராகவும் வணிகராகவும் தொழிலாளராகவும் குடியேறிய தண்டுப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. பேட்டைப் பகுதி மைசூர் அரசைச் சார்ந்திருந்தது. 1949இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின.

ஒன்றுபட்ட நாட்டில் வேற்றுமொழியினர்க்கு இடம் யாது? இவ்வினாவை இத்தாலியும் எதிர்கொண்டது. முதல் உலகப் போருக்குப் பின் அதனோடு இணைக்கப்பட்ட தென் திரோலில், செருமானிய மொழி பேசிய சிறார்க்குத் தாய்மொழிக் கல்வியை முசோலினி ஆட்சி மறுத்தது. 1972இல் கிடைத்த விரிவான தன்னாட்சியே இரு மொழியினரும் அமைதியாய் உடனுறைய வழி திறந்தது.

நாமும் 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டி எழுந்த கலவரத்தின் கொடுமையை அறிந்தோம். அவ்வாண்டு அல்சூர் ஏரியருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் திரையிட்டே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அத்திரை விலகியது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. எல்லைக்கோடு பிரித்த மக்களை இரு புலவர்கள் இணைத்தனர்.

ஆதலின் நவம்பர் முதல் நாளை நாம் விலகி நின்று காணுதல் வேண்டா. நம் மக்கள் வீட்டில் தமிழையும் வீதியில் கன்னடத்தையும் பிழையறப் பயிலட்டும். வள்ளுவரைப் போற்றும் நாம் சர்வக்ஞரையும் கற்போம். தன் மொழியைக் காத்தவனே பிறன் மொழியின் அருமையை அறிவான். அவ்வறிவே நம்மை இந்நகரில் விருந்தினராக அன்றி, உறவினராக வாழச் செய்யும்.