‘குட்டி ஜப்பான்’ யார் வைத்த பெயர்?

விருதுநகர்ப் பொண்ணு என்று சொன்னால் சென்னையில் அடுத்த கேள்வி எண்ணெய் பரோட்டா பற்றித்தான். ‘பக்கத்துல சிவகாசி’ என்றால், ‘ஓ... குட்டி ஜப்பான்!’ என்பார்கள். டிஜிட்டல் டெஸ்க் வேலைக்கு வந்த பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். தீபாவளி விற்பனையோ, காலண்டர் ஆர்டரோ, வெடி விபத்தோ... சிவகாசி பற்றி எந்தச் செய்தி வந்தாலும் இந்த அடைமொழியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

வைத்தது யார்? நேரு என்பதுதான் பரவலான பதில். எப்போது, எந்த மேடையில் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என் தாத்தா கணக்கே வேறு. ‘‘முன்னெல்லாம் ஜப்பான், ஸ்வீடன்ல இருந்து தீப்பெட்டி கப்பல்ல வரும். அதை நாமளே செஞ்சோம். வேற என்ன பேரு வைப்பாக?’’ என்பார். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது 1920-களின் தொடக்கத்தில். நேரு பிரதமரானது 1947-ல். தாத்தா சொல்வதற்கும் இடம் இருக்கத்தான் செய்கிறது.

இரண்டு கதைக்கும் அர்த்தம் வேறு வேறு. நேரு சொன்னதென்றால், போரில் நொறுங்கி உழைப்பால் எழுந்த ஜப்பானோடு நம் ஜனங்களை ஒப்பிட்ட பாராட்டு அது. தாத்தா சொல்வது சரியென்றால், அது சரக்குக்கு வந்த பெயர். ஒன்று ஆட்களைப் பற்றியது, மற்றது பெட்டியைப் பற்றியது.

என் பெரியம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கை இரண்டும் வெள்ளி பூசியதுபோல மினுங்கும். அலுமினியப் பவுடர். எத்தனை முறை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்தக் கையைப் பார்த்து வளர்ந்ததால், ஆட்களைப் பற்றிய கதைதான் எனக்குப் பிடிக்கும்.

2012 செப்டம்பர் 5. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காப்பாற்ற ஓடிய ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அன்று எங்கள் தெருவில் யாரும் ‘குட்டி ஜப்பான்’ என்று சொல்லவில்லை. ‘முதலிப்பட்டியில யாரு, எந்த வீட்டு ஆளு?’ என்றுதான் கேட்டார்கள்.

இன்றைக்கும் விபத்துச் செய்தி என் கைக்கு வந்தால் முதலில் அந்த அடைமொழியை எடுத்துவிடுவேன். அந்த இடத்தில், ஆலை இருக்கும் கிராமத்தின் பெயரைச் சேர்ப்பேன். வேலைக்குப் போனவர்களைத் தேடி வீட்டு ஆட்கள் ஓடுவது அந்தக் கிராமத்துக்குத்தானே!