இரைச்சலும் குரலும்

1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் அற்றுப்போயிற்று. மின்நிலையம் அமைந்த சுன்னாகத்தின் அயலூரான உடுவிலும் இருளில் மூழ்கியது. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பண்டங்களாயின. ஆயினும் வானொலி ஓயவில்லை. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னை டயோட்டுகளினூடாகச் செலுத்திப் பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணியையும் மக்கள் கேட்டனர்.

உடுவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவ்வாறு கேட்டவரே. பேரன் மிதியைச் சுழற்றுவான்; அவன் கை சோர்ந்தால் இலண்டனும் சோர்ந்துவிடும். செய்தியின் நடுவே இரைச்சல் எழுந்தால், "ஆரோ குழப்பிறாங்கள்" என்பர் அயலவர். சிற்றலைக்கு இயற்கையின் இரைச்சலே போதும் என்பது ஆசிரியரின் கட்சி. எதுவாயினும் அவர் செய்தது ஒன்றே: முள்ளை வேறோர் அலைவரிசைக்கு நகர்த்துவார். அங்கே அதே குரல் தெளிவாக நிற்கும்.

இச்சிறு செயலுள் ஒரு பெரிய உபாயம் அடங்கியுள்ளது. வேண்டுமென்றே இரைச்சல் எழுப்பி ஒரு குரலை அமிழ்த்த முனைபவன் பெரும்பாலும் கேட்போனுக்கு அண்மையில் இருப்பான், பேசுவோனோ தொலைவில். வலிமைக்கு வலிமை என்று நின்றாற் பேசுவோன் தோற்பான். இடம்மாறினால், குழப்புவோன் எல்லா இடத்தையும் காத்துத் தன் வலுவைச் சிதறடிக்க வேண்டியவனாகிறான். 1942இல் ஹொலிவூட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அன்ரைலும் காப்புரிமை பெற்ற கருவி இதனையே செய்தது. கடற்கணையை வழிநடத்தும் சமிக்ஞை, பியானோவின் கட்டைகள் போன்று 88 அலைவரிசைகளிடையே தாவும். அனுப்பும் கருவியிலும் பெறும் கருவியிலும் ஒரேவிதமாகத் துளையிட்ட சுருள் ஒரே வேகத்தில் ஓடும். அச்சுருளை அறியாதவன் எங்கே குழப்புவான்? (அக்காலத்து அமெரிக்கக் கடற்படை அதனைப் பயன்படுத்தாமற் கிடப்பிற் போட்டது வேறு கதை.)

ஆனால் அச்சுருளை ஒலிபரப்பு நிலையம் உடுவிலுக்கு அனுப்ப முடியாது. இருவர் உரையாடலில் இரகசியம் இயலும். ஊருக்கெல்லாம் அலைவரிசையை அறிவிப்பவன் எதிரிக்கும் அறிவித்தவனாகிறான். இவ்வேறுபாட்டை, தொழில்நுட்பத்தை வியந்து எழுதுவோர் பலர் கவனிப்பதில்லை. சோவியத் ஒன்றியம் பி.பி.சி.யின் ரஷ்ய ஒலிபரப்பைக் குழப்புவதை 1987 ஜனவரியில் நிறுத்தியது. அதுவரை ஒலிபரப்பாளர் கையாண்ட வழிகளுள் முதன்மையானது, ஒரே குரலைப் பல அலைவரிசைகளில் ஒருங்கே அனுப்புவதாகும். எஞ்சிய வேலை கேட்போரது. நகரங்களிலேயே குழப்பொலி கடுமையாக இருந்தமையால், மொஸ்கோவாசிகள் பலர் நாட்டுப்புற வீடுகளுக்குச் சென்று, அங்கே முள்ளைத் திருப்பித் திருப்பிக் கேட்டனர்.