கரிசல் குறிப்புகள் – 5: மழைக்கு மறுநாள்

ஐப்பசி பிறந்தும் வானம் வெறும் மூட்டத்தைக் காட்டியே ஏய்த்துக்கொண்டிருந்தது. தவளை, பல்லி, பாம்பு தேடி வந்த எங்கள் குழுவுக்குக் கோவில்பட்டி லாட்ஜில் கடலைமிட்டாய் தின்பதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை என்று போன இதழில் எழுதியிருந்தேன். நேற்று சாயங்காலம் எட்டயபுரம் பக்கம் இடி இறங்கியது. மழை விட்ட கையோடு ஜீப்பைக் கிளப்பிவிட்டோம்.

தவளை, பல்லி, பாம்பு என்றாலே ஆராய்ச்சிப் பணமும் ஆட்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போகிறார்கள். அங்கே வருடத்தில் பாதி நாள் ஈரம். போன இடத்திலெல்லாம் ஏதாவது தட்டுப்படும். கரிசலில் அப்படி நடக்காது. இங்கே உயிர்கள் மண்ணுக்குள் இருக்கின்றன. காய்ந்தால் கை நுழையும் அகலத்துக்கு வெடிக்கிற மண், நனைந்தால் உப்பி மூடிக்கொள்ளும். கோடை முழுக்க அந்த வெடிப்புகள்தான் ஓணானுக்கும் பாம்புக்கும் தேரைக்கும் வீடு. மழை விழுந்த இரண்டு மூன்று இரவுகளில் பாம்பும் தேரையும் வெளியே நடமாடும்போது நாம் அங்கே இல்லையென்றால், ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று எழுதிவைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். காகிதத்தில் ‘தரிசு’ என்று பதிவான நிலம் எத்தனையோ! அதில் எத்தனை இப்படி வெயில் நாளில் வந்து பார்த்து எழுதியதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கண்மாய்க்கரையில் இறங்கியதும் முதல் சோதனை மண்தான். நாலு எட்டு வைப்பதற்குள் பூட்ஸ் ஒவ்வொன்றிலும் ஒரு படி சேறு அப்பிக்கொண்டது. தூக்கி வைத்தால் கால் வருகிறது, பூட்ஸ் வரமாட்டேன் என்கிறது. கொசுவிரட்டிக் களிம்பு தடவவும் தடை. தவளைத் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் மருந்துக் கையால் அதைத் தொடக்கூடாது. ஆகவே கொசுவுக்கு நாங்கள், தவளைக்கு ஈசல் என்று எல்லாருக்கும் சாப்பாடு கிடைத்தது.

சத்தம் தாங்கவில்லை. பச்சைத் தவளைகள் மஞ்சளாக நிறம் மாறித் தண்ணீரில் மிதந்து கத்தின. குழுத்தலைவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தரையில் வைத்துவிட்டு, நேரம், வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்தார். பென்சில்தான், பேனா மை மழையில் ஓடிவிடும்.

டார்ச் வெளிச்சத்தில் உருண்டையாக ஒன்று கிடந்தது. முகம் என்று தனியாகச் சொல்ல முடியாதபடி உடம்போடு ஒட்டிய சிறிய மூக்கு, உப்பிய வயிறு. பலூன் தவளை. அதைக் கீழே விட்டதும் பின்னங்கால்களை மாற்றி மாற்றி இழுத்துப் பின்புறமாகவே மண்ணுக்குள் இறங்கியது. குதிகாலில் மண்வெட்டி போல முண்டு இருக்கிறது, தோண்டுவது அதனால்தான். கடைசியாக மறைந்தவை கண்கள். எறும்பும் கரையானும் தின்று, மழைக்காகக் காத்து, மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும் ஜென்மம்.

ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒருவர் டார்ச்சைப் பார்த்து வந்தார்.

“என்னத்தத் தேடுதீக?”

“தவளை, அண்ணாச்சி.”

“அதுக்கா இம்புட்டுப் பேரு? கரைய ஒட்டிப் போகாதீக. சுருட்டை கெடக்கும்.”

சொன்னது சரி. பத்தடி தள்ளி, மணல் விழுந்த இடத்தில், செதிலோடு செதில் உரச ‘சர்ர்’ என்று சத்தம். சுருட்டை விரியன். தூரத்திலிருந்தே படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், இது என்று நான்குக்கும் இந்தியாவில் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கான விஷத்தில் பெரும்பகுதி, 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. மருந்து எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் இரவில் கிளம்பக்கூடாது. அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்பதும் எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

படுக்கும்போது மணி இரண்டு. எட்டு மணிக்கு மறுபடி வெயில் காயும் ஓணான்களுக்காகப் பருத்திக்காட்டு வரப்பு. விசிறித்தொண்டை ஓணான் ஒன்று பின்னங்கால் இரண்டில் எழுந்து ஓடி உடைமர நிழலில் நின்றது. பிடித்து வெர்னியர் அளவுகோலில் அளந்தபோது பின்னங்கால் விரலை எண்ணிப் பார்த்தேன்: நான்கு. மற்ற ஓணான்களுக்கு ஐந்து. விசிறித்தொண்டை ஓணான்களில் ஓர் இனத்துக்கு 2016இல் ‘மருதம்நெய்தல்’ என்றே பெயர் வைத்தார்கள், தென்தமிழகத்தில் வாழ்வது. கோடையில் வந்திருந்தால் ஆண் ஓணான் தொண்டையை விசிறியாக விரித்து ஆட்டுவதையும் பார்த்திருக்கலாம்.

மத்தியானம் முழுக்கக் கணக்கு: அளவுகள், படங்கள், எண்கள், சேறு கழுவுதல். யாரும் இதைப் பயணக் கட்டுரையில் எழுதமாட்டார்கள், எனக்கும் எழுத ஆசையில்லை.

தூத்துக்குடி மாவட்டத்து வெங்கச்சங்கல் குன்றுகளில் வாழும் பாறைப்பல்லி ஒன்றை 2023இல் புதிய இனமாக அறிவித்திருக்கிறார்கள். அதைத் தேடி நாளை குருமலைப் பக்கம் போகிறோம். வனத்துறை அனுமதிக் கடிதத்தை நகலெடுக்கப் போன மாணவர் இன்னும் வரவில்லை, டீ குடித்துக்கொண்டிருப்பார்.

(தொடரும்)