அப்பாவுக்கு ஒரு சரம்

வைகாசி மாதம், விடியற்காலை நான்கரை மணி. அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரம் இன்னும் இருட்டுக்குள்தான் நின்றது. கிழக்கே ஒரு பூக்கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. பெட்டியில் ஓசூர் ரோஜா, ஈரச் சாக்குக்குள் சம்பங்கி, வாளித் தண்ணீரில் ஊறும் வாழைநார். நார் காய்ந்திருந்தால் முடிச்சு இறுக்கும்போதே அறுந்துபோகும் என்பதால் முதல் வேலை அதை ஊறப் போடுவதுதான்.

அப்பாவுக்கு எழுபது வயது முடிகிறது. பூ கொடுக்கலாமே என்று வீட்டில் சொன்னேன். "ஆம்பளைக்கு யாராவது பூ வாங்கிக் கொடுப்பாங்களா?" என்றாள் அக்கா. அந்தக் கேள்வியோடுதான் போயிருந்தேன்.

கடைக்காரப் பெரியவர் தலை நிமிராமலே பதில் சொன்னார்: "நான் கட்டுற மாலையில முக்காவாசி ஆம்பளைங்களுக்குத்தான் தம்பி போவுது. மாப்பிள்ளை, தலைவரு, சாவு. வேற யாருக்கு?"

அவர் கட்டிக்கொண்டிருந்தது மாப்பிள்ளை மாலை. ஆணியில் நாரை மாட்டி, சம்பங்கியைக் காம்பு உள்ளே இருக்கும்படி வட்டமாக அடுக்கி, ஒரு சுற்று சுற்றி இறுக்குகிறார். அடுத்த அடுக்கு முந்தையதன் காம்பை மறைக்கிறது. சாண் அளவு வந்ததும் இடையில் ரோஜா, ஓரத்தில் ஜரிகை. இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் வரவேண்டும். ஒரு பக்கம் கூடினால் மாலை கழுத்தில் சரிந்துகொண்டே இருக்கும். அதற்குத் தராசு கிடையாது. உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பதோடு சரி. கடைசியில் குஞ்சம். ஒன்றரை மணி நேரம் ஆனது.

அவர் மனைவி தரையில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்தார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, எதிர்ப்பக்கம் இரண்டு, நாரை ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. நார் ஓடி ஓடி ஆள்காட்டி விரலில் கோடு விழுந்திருக்கிறது. பௌர்ணமி கிரிவலத்தன்று ராத்தூக்கமே கிடையாது, கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாளும் அப்படித்தான் என்றார்.

"மேடையில போடற மாலையைப் பார்த்தா நெஞ்சு அடிச்சுக்கும்" என்றார் பெரியவர். போட்ட கையோடு கழற்றிப் பின்னால் நிற்பவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். சாவு மாலை வாங்க வருபவரை அவர் முகம் பார்க்காமலே கண்டுகொள்வாராம். அவர்கள் பேரம் பேசுவதில்லை.

கல்யாணத்தில் ஒன்று, சாவில் ஒன்று. நடுவில் ஐம்பது வருஷம் ஓர் ஆணுக்கு யாரும் பூ நீட்டுவதில்லை. இது நம் பழைய வழக்கமே இல்லை. ஆண்கள் மார்பில் அணிவதற்குத் 'தார்' என்று தனிச்சொல்லே இருந்தது. இன்று அந்தச் சொல்லுக்குச் சாலைதான் நினைவுக்கு வருகிறது. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. போருக்குப் புறப்படும் மறவர்கள் அரசனிடம் பூப் பெற்றுக்கொள்வதைப் 'பூக்கோள்' என்றார்கள். புறநானூற்றில் அதற்கான தண்ணுமை முழங்குகிறது. பூச்சூடுவது ஆண்மைக்குக் குறைவு என்று அந்த மறவர்கள் நினைக்கவில்லை. நாம்தான் நினைக்கிறோம்.

இந்த ஊரில் சாமியே ஒரு தகப்பனுக்குப் பிள்ளை. வாரிசில்லாத வல்லாள மகாராஜாவுக்காக அண்ணாமலையார் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்த் திதி கொடுக்கிறார். அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதுவும் தகப்பன் போன பிறகு நடப்பது.

அப்பாவுக்குத் தாழம்பூ பிடிக்கும் என்றேன். "அதைச் சாமி மாலைக்கே தொடமாட்டோம் தம்பி, பொய்ச்சாட்சி சொன்ன பூ" என்றார் பெரியவர். அடிமுடி தேடிய கதையில் பிரம்மனுக்காகத் தாழை பொய் சொன்னதும், சிவபூஜையிலிருந்து அது விலக்கப்பட்டதும் இந்த மலையைச் சொல்லித்தான். பக்கத்திலேயே வைத்துக் கட்டினால் மணம் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் அவருக்கு.

அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மகிழம்பூ. கோயிலின் தலமரமும் மகிழம்தான்; இது அவர் தெருமுனை மரத்தடியில் பொறுக்கியது. இதற்கு முடிச்சு வேண்டாம். உதிர்ந்த பூவின் நடுவிலேயே துளை இருக்கும், நூலில் கோத்தால் போதும். "காஞ்சாலும் வாசம் போவாது. ஆம்பளை தலையில வெச்சுக்க மாட்டாரு, பையில வெச்சுக்கட்டும்" என்று ஒரு சாண் சரம் கோத்துத் தந்தார்.

ஊருக்குத் திரும்பி அப்பாவிடம் நீட்டினேன். வாங்கி, நேரே அம்மாவின் படத்தருகே போனார்.

"அம்மாவுக்கு இல்லப்பா. உங்களுக்கு."

கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று வாரமாகிறது. பூ பழுப்பாகிவிட்டது. சட்டை மாற்றும்போதெல்லாம் கண்ணாடிக் கூட்டோடு அதையும் எடுத்து மாற்றி வைக்கிறார்.